இரண்டு டப்பா

நான் சிறை நர்ஸ். பெண்கள் பகுதியில் ஒன்பது வருடம். மாத்திரை கொடுத்ததும் "வாயைத் தொற, நாக்கைத் தூக்கு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் என் கணவர் மாத்திரை போட்டாலும் அவர் வாயைத்தான் பார்க்கிறேன். "நான் என்ன கைதியா?" என்பார். என்ன செய்வது, நம்பின ஒவ்வொரு தடவையும் இங்கே எனக்குக் காது குத்தியிருக்கிறார்கள். அழுதுகொண்டே தூக்க மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிப் போய் அடுத்த அறையில் விற்றவர்கள் உண்டு.

தையல்காரியும் அந்த ரகம்தான் என்று முடிவுகட்டினேன். சிறைத் தையல் கூடத்தில் சட்டை தைப்பவள், ஐம்பது வயது, சர்க்கரை நோய். இரண்டு வாரமாகச் சுகர் முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. கால் விரலில் இருந்த புண் கறுக்க ஆரம்பித்தது.

"மாத்திரையை என்ன பண்ற?"

"முழுங்குறேன் சிஸ்டர்."

"முழுங்கினா ஏன் ஏறுது?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதானே படிச்சவங்க."

அந்த வாய்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளி ஆஸ்பத்திரிக்குப் போனால் சொந்தக்காரர்களைப் பார்க்கலாம். அதற்காக ஆணியை விழுங்கினவளையே பார்த்திருக்கிறேன். இவள் காலைக் காவு கொடுக்கிறாள் என்று தோன்றியது. 'மருந்தை உட்கொள்ளாமல் ஏமாற்றுகிறார்' என்று கோப்பில் எழுதினேன். டாக்டருக்கு நான் எழுதுவது வேதவாக்கு. அவளை வெளியே அனுப்பும் தாளை மடித்து வைத்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கலக்கி என் முன்னால் குடிக்கவைத்தேன். தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலை, வெறும் வயிற்றில் முந்நூற்று நாற்பது.

யாரோ சீனி கொடுக்கிறார்கள் என்று சமையற்கட்டைச் சந்தேகித்தேன். காவலுக்கு நிற்பவளைச் சந்தேகித்தேன். சுகர் பார்க்கும் மெஷினைக்கூட விடவில்லை, என் விரலைக் குத்திப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் காட்டியது.

அப்போதுதான் 'தலைவலி' வந்தாள். தினமும் அதையே சொல்லிக்கொண்டு வருவதால் நான் வைத்த பெயர்.

"சிஸ்டர், உங்க மாத்திரையில தலைவலியும் போகல. ரெண்டு வாரமா வயித்தாலதான் போகுது."

"பெரிய மாத்திரை வாங்க இப்படி ஒரு கதையா?" என்று விரட்டினேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மருந்தறைச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான் அப்படிப் போகும்.

எங்களிடம் மாத்திரை அட்டை கைதிகள் பக்கம் போகாது, தகட்டின் ஓரம் கையை அறுக்கும். அதனால் மாதம் இரண்டு முறை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாக்களில் நிரப்ப வேண்டும். யாரையும் நம்பாமல் அதை நானே செய்வேன். மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சர்க்கரை, தலைவலி இரண்டின் புது அட்டைகளிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை பிதுக்கி, டப்பாவில் இருந்தவற்றோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். தலைவலி மாத்திரைக்கு மட்டும் நடுவில் ஒரு கோடு. சர்க்கரை டப்பா முழுக்கக் கோடு போட்டவை. தலைவலி டப்பாவில் ஒன்றில்கூடக் கோடு இல்லை.

யார் மாற்றியிருப்பார்கள் என்றுதான் அப்போதும் முதலில் யோசித்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சர்க்கரை டப்பாவிலிருந்து சாப்பிடுகிறவள் தையல்காரி ஒருத்திதான், மற்ற சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி. இரண்டையும் கொட்டி மாற்றி நிரப்பிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அப்படியும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

கோப்பில் பழைய வரியை அடித்து, 'மருந்து மாறியது. தவறு என்னுடையது' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"விரல் போயிடும்மா. கால் தப்பினாப் பெரிசு."

தையல்காரி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

"நீங்க ஏமாத்தல. நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன். மன்னிச்சிருங்க." அவளை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் கண்ணீரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். காலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எதுல கையெழுத்துப் போடணும், அதைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.