குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருந்த சாதிர்

கோக்-ஜார் ஊரைச் சேர்ந்த சாதிர், அறுவடைத் திருநாள் ஆட்டத்தில் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். தரைக்கு வந்து சேரப் பதினேழு வருஷம் ஆனது. அன்றைய ஆட்டம் உலாக். தலை வெட்டிய ஆட்டின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே ஒருவனிடமிருந்து ஒருவன் பிடுங்கிக்கொண்டு போய் வட்டத்துக்குள் போட வேண்டும். எதிரணி ஆற்றின் மேற்புறத்து ஊரான அக்-புலாக். சாதிர் ஆட்டைத் தொடைக்கும் சேணத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வட்டத்தை நெருங்கியபோது, அக்-புலாக்கின் ஷாயிர்பெக் பக்கவாட்டில் வந்து தன் குதிரையின் மார்பால் மோதினான். விதிப்படி சரியான மோதல்தான். அதை யாரும் குறை சொன்னதில்லை. சாதிரின் குதிரை முன்னங்கால் மடிந்தது. ஆடு ஒரு பக்கம் போனது, சாதிர் ஒரு பக்கம் போனான். ஆட்டை வேறொருவன் எடுத்து வட்டத்துக்குள் போட்டு, கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகுதான், சாதிர் இன்னும் விழுந்து முடிக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். பூட்ஸ் வானத்தைப் பார்த்திருக்க, ஒரு கை முன்னால் நீண்டிருக்க, அவன் தலை ஓர் ஆளின் மார்பு உயரத்தில் நின்றது. தொப்பி மட்டும் ஒழுங்காகக் கீழே விழுந்து கிடந்தது.

அவன் மனைவி புருல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். அவள் குனிந்து அவன் முகத்தை நேராகப் பார்க்க முயன்றபோது சாதிர் கேட்ட முதல் கேள்வி, "ஜெயிச்சது யாரு?"

"நீ இருக்கற இருப்புல இதான் கேக்கத் தோணுதாய்யா உனக்கு?"

"வேற என்ன கேக்கறது? ஆடு யாரு கையில போச்சு, அதச் சொல்லு."

கூட்டுப்பண்ணைக் கம்பவுண்டர் வந்து நாடி பார்த்தார். விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, புருலைத் தனியே கூப்பிட்டார். "மூச்சு நல்லா இருக்கும்மா. ஆனா கழுத்து மடங்கியிருக்கற கோணம் சரியில்ல. தரையத் தொட்டா ஒடிஞ்சிடும். தொடாத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். கயிறு கட்டிக் குதிரைகளைக் கொண்டு மேலே இழுத்தார்கள். பிறகு டிராக்டரைக் கொண்டு வந்தார்கள். கயிறுதான் அறுந்தது. வைக்கோலைக் குவித்து அதன்மேல் கம்பளிகளை அடுக்கி வைத்தார்கள். உச்சி மயிர் கம்பளியில் பட்டதுமே அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவன் கீழே எதை வைத்தாலும் அவனுக்கு அது தரைதான் என்று புரிந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவன் வருஷத்துக்கு ஒரு சாண் இறங்குகிறான் என்பது அடுத்த அறுவடையின்போதுதான் தெரிந்தது.

சாதிரும் புருலும் கல்யாணம் செய்துகொண்டதும் ஓர் ஆட்டத்தால்தான். சிறு வயதில் ஆட்டு முட்டி எலும்புகளை வைத்து விளையாடும்போது அவள் அவனுடைய எலும்புகளையெல்லாம் ஜெயித்து அழ வைப்பாள். வளர்ந்த பிறகு, பெண்ணை ஆண் துரத்தும் குதிரைப் பந்தயத்தில் ஊரே பார்க்க அவன் அவளைத் துரத்தினான். பிடித்தால் ஒரு முத்தம். பிடிக்காவிட்டால் திரும்பி வரும்போது அவள் அவனைத் துரத்திச் சாட்டையால் அடிப்பாள். அவன் பிடிக்கவில்லை. அவள் அடித்த அடியில் சட்டை கிழிந்தது. அடுத்த மாதமே கல்யாணம். வேண்டுமென்றே குதிரையை இழுத்துப் பிடித்துத் தோற்றானா என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவன் சொன்னதில்லை.

மகள் நாஸிக் பனிக்காலத்தில் பிறந்தாள். குழந்தையைக் கம்பளியில் சுற்றி மைதானத்துக்குக் கொண்டு போய், தலைகீழாகப் பிடித்து, அப்பன் முகத்தை நேராகக் காட்டினாள் புருல். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பார்கள். எங்கள் ஊரும் பழகிவிட்டது. சாதிருக்குப் பசிக்கவில்லை, குளிரவில்லை, வயதும் ஏறவில்லை. முடி மட்டும் வளர்ந்தது. அது தரையைத் தொட்டுவிடக் கூடாது என்று புருல் மாதாமாதம் வந்து வெட்டினாள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவனுடைய இடது பூட்ஸில் வலையின் ஒரு முனையைக் கட்டி வாலிபால் ஆடினார்கள். மற்போர், குதிரைப் பந்தயம், புதிதாக வந்த கால்பந்து எல்லாவற்றுக்கும் அவனே நடுவரானான். மற்றவர்களுக்கு இந்த ஊர், அந்த ஊர் என்று பக்கம் உண்டு. தலைகீழாக இருப்பவனுக்குப் பக்கம் கிடையாது என்று அக்-புலாக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அவன் தோற்றவர்களைக் கிண்டல் செய்வான். "ஏண்டா, குதிரை உன்னை ஓட்டுதா, நீ குதிரைய ஓட்டறியா?" என்ற அவன் குரல் ஆற்றங்கரை வரை கேட்கும். அந்த வருஷங்களில் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். புருலும் அதை மறுத்ததில்லை.

விழாமல் நிற்கும் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறை கூடிப் பேசினார்கள். செய்துகொள்ளலாம் என்று முடிவு சொல்ல வந்தவரைப் புருல் பழைய சாட்டையோடு வாசல்வரை துரத்தினாள். அதன்பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவன் தலை முழங்கால் உயரத்துக்கு இறங்கிய வசந்தத்தில் புருல் மண்வெட்டியோடு வந்தாள். அவள் முதல் கொத்துப் போடும்போதே அக்-புலாக்கிலிருந்து ஷாயிர்பெக்கும் ஒரு மண்வெட்டியோடு குதிரையில் வந்து இறங்கினான். "தள்ளுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னான். அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும், பனி உருகியதும், இருவரும் சாதிருக்கு அடியில் தோண்டினார்கள். ஷாயிர்பெக்குக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், முதுகு வலி வந்தது; தோண்ட வராமல் இருந்ததில்லை. முதலில் பள்ளம் அகலமாகவும் சரிவாகவும் இருந்தது; சாதிர் அதன் விளிம்புக்கு மேலாக மைதானத்தைப் பார்த்தான். ஆழமாக ஆக மண் சரிந்தது. சுவரை நேராக வெட்டிக் கல் வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு வருஷம் அவன் கண்கள் புல்லுக்குக் கீழே போயின. அதன்பின் வருஷத்துக்கு வருஷம் உடம்பும் இறங்கி, கடைசியில் மைதானத்தில் அவனுடைய இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன. குதிரைக்காரர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளே இருந்தவனுக்கு மண் சுவரும் குளம்புச் சத்தமும்தான். எனவே புருல் பள்ளத்துக்குள் ஏணி வைத்து, ஏணியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தைப் பார்த்து அவனுக்குச் சொன்னாள். ஆடு இப்போது யார் கையில், யார் சேணத்திலிருந்து சரிகிறான், எந்தக் குதிரை நுரை தள்ளுகிறது என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். முதல் வருஷம் கோக்-ஜார் தோற்றது. அதைக் கேட்டு அவன் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான். அடுத்த வருஷமும் தோற்றது. புருல் ஜெயித்ததாகச் சொன்னாள். அதன்பின் அவள் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, அவன் முகத்தைப் பார்த்தபடி, தன் மனதில் ஓடிய ஆட்டத்தைச் சொன்னாள். அதில் எங்கள் ஊர்க் குதிரைகள் கால் இடறுவதே இல்லை.

பதினாறாவது வசந்தத்தில் மண்வெட்டி கூழாங்கல்லில் இடித்து, ஊற்றுத் தண்ணீர் கசிந்தது. ஷாயிர்பெக் பண்ணையில் கெஞ்சி ஒரு பம்ப்செட் வாங்கி வந்தான். "தண்ணிய இறைச்சுக்கிட்டே தோண்டலாம் அண்ணி. இன்னும் பத்து வருஷம் போகும்" என்றான். அப்போது சாதிர் உள்ளேயிருந்து அவனைப் போகச் சொன்னான். பொண்டாட்டியோடு பேச வேண்டும் என்றான்.

புருல் ஏணியில் இறங்கினாள். அவளுக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அவன் முகத்தில் இன்னும் இருபத்தாறு வயது. போன கோடையில் வெளியூர் லாரி டிரைவர் ஒருவன் எட்டிப் பார்த்து, பாவம், மகனா என்று அவளைக் கேட்டிருந்தான்.

"ஏண்டி, எட்டு வருஷமா நம்ம ஊரு தோக்கவே இல்லியா?" என்றான் சாதிர்.

புருல் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"நம்ம ஊரு ஓசோனோட செத்துப்போன குதிரையக் கூடப் போன வருஷம் நீ ஓட வெச்சே. அது நொண்டிக் குதிரை. எனக்குத் தெரியும்."

"தோத்தோம்னு சொன்னா நீ பேசாம போயிடறே. நாள் பூரா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

"தோத்தா மூஞ்சி அப்படித்தான் இருக்கும். அதுதான் ஆட்டம்." பிறகு சொன்னான்: "தோண்டாத புருல். நீ தோண்டத் தோண்ட நான் புதைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குதிரையில ஏறின அன்னிக்கே விழுவேன்னு தெரிஞ்சுதான் ஏறினேன். எல்லாரும் விழறாங்க. என்னை மட்டும் ஏன் விட மாட்டேங்கறே?"

"நான் என்ன பிடிச்சுக்கிட்டா இருக்கேன்?"

"பின்ன யாரு?"

புருல் அன்று வீட்டுக்குப் போய், மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. மகள் நாஸிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள், திட்டினாள், சாப்பிட ஏதாவது கேட்டாள். நான்காம் நாள் புருல் வெளியே வந்து, மண்வெட்டியை ஷாயிர்பெக்கிடம் கொடுத்து, கீழே தோண்ட வேண்டாம், மேற்குப் பக்கச் சுவரை வெட்டு என்றாள். அவன் புரிந்துகொண்டான். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். பள்ளத்தின் ஒரு பக்கத்தை அகலமாக வெட்டித் திறந்து, ஆட்டம் அவன் கண்ணுக்குத் தெரியும்படி மைதானத்தையே அந்தப் பக்கம் சரித்து இறக்கினார்கள். கோடை முழுதும் அந்த வேலை நடந்தது. ஊற்றுக் கசிவும் வெயிலில் வற்றிப்போனது. பண்ணைத் தலைவர் கோதுமைக்கு ஆள் இல்லையே என்று கத்திப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷ அறுவடைத் திருநாளில், அவன் உச்சிக்கும் கூழாங்கல்லுக்கும் இடையே உள்ளங்கை நுழையும் இடைவெளிதான் இருந்தது. உலாக் ஆட்டம் அவன் கண் எதிரே, சரிவில் நடந்தது. நாஸிக்கும் அன்று துரத்தல் பந்தயத்தில் ஓடினாள். அவளைத் துரத்தியவன் அவள் நிழலைக்கூடத் தொடவில்லை. திரும்பும்போது அவள் அடித்த சாட்டைச் சத்தத்துக்குச் சாதிர் சிரித்த சிரிப்பு ஆற்றங்கரை வரை கேட்டது. "உன் கைதாண்டி அது! அப்படியே உன் கை!" என்றான் புருலிடம். உலாக்கில் கோக்-ஜார் படுதோல்வி. சாதிர் கோக்-ஜார்க்காரர்களை அவர்கள் பாட்டன் பூட்டன்வரை திட்டினான். ஒரு பையன் ஆட்டைக் கைநழுவ விட்டபோது அவன் அழுதே விட்டான். கண்ணீர் நெற்றி வழியாக முடிக்குள் இறங்கியது. ஆட்டம் முடிந்து தூசி அடங்கியதும், "நல்ல ஆட்டம்" என்றான்.

மறுநாளிலிருந்து புருல் அவனுக்குப் பக்கத்தில், கூழாங்கல்மேல், அவன் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி படுத்துக்கொண்டாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்றானா என்று கேட்டிருப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். முதல் பனி விழுந்த காலையில், நாஸிக் டீ கொண்டு வந்தபோது, சாதிர் தரையில் கிடந்தான். பதினேழு வருஷம் நீட்டியிருந்த கை மடங்கி, பக்கத்தில் இருந்தது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல் சின்னச் சத்தம் ஒன்று வந்ததாகப் புருல் சொன்னாள். ஷாயிர்பெக் அவனைத் தோளில் தூக்கிச் சரிவில் ஏறினான். ஓர் ஆளின் கனம்தான் இருந்தது என்று பிறகு ஆச்சரியப்பட்டுச் சொன்னான். புதைக்கும் குழியை வெட்ட அவனை விடவில்லை; அவன் வெட்டியது போதும் என்றார்கள்.

அதற்கடுத்த அறுவடைத் திருநாளுக்குப் புருல் வர மாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். பெண்களோடு சேர்ந்து மேட்டில் உட்கார்ந்து, மைதானத்துக்கு முகம் காட்டி, போன வருஷமும் சாதிரின் முகத்தையே பார்த்திருந்தவள், பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தாள். பாதி ஆட்டத்தில் ஷாயிர்பெக்கின் மூத்த மகன் மோதலில் சேணத்தை விட்டுத் தூக்கி எறியப்பட்டான். கூட்டம் முழுக்க மூச்சை அடக்கியது. இரண்டு ஊரும் எழுந்து நின்றது. பையன் பொத்தென்று புழுதியில் விழுந்து, உருண்டு, எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, குதிரையைத் தேடி ஓடினான். கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள்.

புருல் மட்டும் உட்காராமல் நின்றாள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டாள். "எல்லாரும் இவ்வளவு சீக்கிரமா விழுவாங்க?"

அந்தப் பெண், ஆமாம் அக்கா, என்றாள். புருல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அன்று கோக்-ஜார் ஜெயித்தது.