அட்டைக்குப் பின்னால் இருந்த தூரம்

எங்கள் முதலாளி ஹிதாயத்துல்லாவுக்கு ஒரு பழக்கம். எந்த லென்ஸ் முகத்தருகே வந்தாலும் அவருடைய இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பனியன் துணியில் லென்ஸை வைத்து, ஒற்றைக் கண்ணால் இழை எண்ணி எண்ணி வந்த பழக்கம். அது மூடுவது அவருக்கே தெரியாது.

முன்னறையில் அவருடைய பனியன் கம்பெனி. பின்னறையில் அவர் மனைவி நூர்ஜானின் தையல் மெஷினும் என்னுடையதும். அவளுடையது தாய்வீட்டிலிருந்து வந்த மெஷின். "இந்த ஊட்டுல எனக்குன்னு இருக்கறது இந்த ரூம் ஒண்ணுதான் அமராவதி" என்பாள்.

அறுபத்தேழாம் வருஷம் ஓர் ஏஜென்ட் வந்தான், பனியன் துணியைத் தேய்த்துக் கொடுக்கும் உருளை மெஷின் விற்க. மெஷினைத் தூக்கி வர முடியுமா? அதனால் ஒரு படப்பெட்டி கொண்டுவந்தான். முன்னால் இரண்டு லென்ஸ், எதிரே ஒரு அட்டையில் ஜோடிப் படம், பக்கங்களில் மறைப்புக் கிடையாது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் மெஷின் நிஜமாகவே எதிரில் நிற்கும்.

பக்கத்துக் கம்பெனி கந்தவேல் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, கைக்கே எட்டுதுங்க!" என்று காற்றைத் துழாவினார். அடுத்து முதலாளி. அவருக்குத் தெரிந்தது வெறும் போட்டோ. விட்டுக்கொடுப்பாரா? "ஆமாமா, பிரமாதமுங்க!" என்று அவரும் துழாவினார்.

பெட்டி பின்னறை வாசல் திரைக்குப் பின்னால் எங்களிடம் வந்தது. நூர்ஜான் பார்த்தாள். மெஷின் காலில் இடித்துவிடும்போல, சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இது முன்னறையில அடங்காதுங்க. பின்னால ரொம்ப தூரம் போகுதுங்க" என்றாள் திரைக்குள்ளிருந்தே.

"அட்டைக்குப் பின்னால ஏது தூரம்? செவுத்தோட ஒட்டி நிக்கும், பாரு" என்றார் முதலாளி. கந்தவேலும் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஊசி முறிந்தது. மெஷின் எத்தனை அடி அகலம் என்று மட்டும் முதலாளி கேட்டார். ஏஜென்டும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். புண்ணியவான்!

மெஷின் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. முன்பக்கம் அறைக்குள் போயிற்று, பின்பக்கம் தெருவிலேயே நின்றது. பணம் கொடுத்தாயிற்று, திருப்பி அனுப்ப வழியில்லை. அன்றைக்கே நடுச்சுவரை இடித்தார்கள். எங்கள் தையல் மெஷின்கள் இரண்டும் முற்றத்து வெயிலுக்கு வந்தன.

"படத்துல இப்படி இல்லீங்களே!" என்று முதலாளி, மெஷினோடு வந்திருந்த ஏஜென்டிடம் எகிறினார். அவன் பெட்டியை நீட்டினான். முதலாளி அதைக் கண்ணில் வைத்தார்.

இடது கண் மூடியதை நான் பார்த்தேன். நூர்ஜானும் பார்த்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் ஒருநாளும் வராதவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இடிந்த சுவரைத் தாண்டிப் போனாள். அவர் பக்கத்தில் நின்று, மூடியிருந்த இமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்தாள்.

"யா அல்லா!" என்று முதலாளி ஓரடி பின்வாங்கினார். முதுகு நிஜ மெஷினில் மோதியது.

"இத்தனை தூரமா?" என்றார் மெதுவாக.

"இதைத்தானுங்க அன்னைக்குச் சொன்னேன். இப்ப என் மெஷினை எங்க வெக்கறது, சொல்லுங்க" என்றாள் நூர்ஜான்.

பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலாளி எடுக்கவில்லை.