பத்தொன்பது நாள் முகத்துவாரம்

1986இல் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் சரக்குக் கப்பலை விட்டிறங்கி அகதி அந்தஸ்துக் கேட்டபோது, அம்பலவாணன் தன் கடவுச்சீட்டை அதிகாரியிடம் கொடுத்தார். ஐந்து வருடமாகியும் அது திரும்பவில்லை, பதிலுமில்லை. பன்னிரண்டு வருடம் கடலில் திரிந்த மனிதர், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார்.

நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துத்தான் ஹெலனிடம் போனார். ஹெலன் வரலாற்று ஆய்வாளர். இருநூறு வருடங்களுக்கு முன், நீர்நாய்த் தோல் தேடி பொஸ்டனிலிருந்து அமெரிக்காவின் பசிபிக் கரைக்குப் போன ஒரு கப்பலின் நாட்குறிப்பு அவரிடம் இருந்தது. அதைப் பிரதியெடுக்கக் கப்பல் பாஷை தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

வரைபடத்தில் இல்லாத ஓர் ஆற்றுக்குள் அந்தக் கப்பல் நுழைந்து, வெளியேற வழியின்றிப் பத்தொன்பது நாள் கிடந்திருக்கிறது. தினமும் ஏறக்குறைய ஒரே வரி: ‘ஆற்று வாய் முழுக்க அலை உடைகிறது. நின்றோம்.’

“காற்று விழுந்த நாளிலும் ஏன் போகவில்லை? கப்டன் பயந்தவரா?” என்று ஹெலன் கேட்டார்.

அம்பலவாணன் ஓரத்திலிருந்த எண்களைக் காட்டினார். “ஆழத்தைப் பாருங்கள். முதல் நாள் ஐந்து பாகம், அதாவது முப்பது அடி; பிறகு மூன்று பாகம். அடியில் மணல் நகர்கிறது. கடல் வற்றும் நேரம், அந்த வற்று நீர் ஆற்றிலிருந்து வெளியே ஓடும்போது கடல் அலை எதிரே வந்தால், காற்றே இல்லாமலும் அலை சுவர்போல எழும்பும்.”

ஹெலன் இருவர் பெயரிலும் கட்டுரை எழுதினார். அந்தக் கரையிலிருந்த ஒரு பல்கலைக்கழகம் இருவரையும் வந்து பேச அழைத்தது. பயண அனுமதி கேட்டு அம்பலவாணன் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இரண்டு கிழமையில் பதில் வந்தது: நாட்டை விட்டு வெளியேறினால் அகதி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

“அண்ணை, ஈஸ்ட் ஹாமில ஒருத்தர் கள்ளப் பாஸ்போட் புத்தகம் ஒழுங்கு பண்ணித் தருவார். போய் அப்பிடியே கனடாவுக்குள்ள பூந்திடுங்கோவன்” என்றான் அறையில் கூட இருந்த பாலேந்திரா.

அம்பலவாணன் அதற்குப் படம்கூட எடுத்துவிட்டார். அவர் கூப்பிடுவார் என்று கொழும்பு லொட்ஜில் மகளோடு காத்திருந்த மனைவி தவநாயகிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

“நீங்கள் பிடிபட்டா நாங்கள் எங்க வாறது? அந்தக் கடலைப் பாக்காட்டி உங்களுக்கு ஏலாதோ?”

“ஏலும்” என்றார். படங்களைக் கிழித்துப் போட்டார்.

ஹெலன் தனியே போனார். ஒரு பின்னேரம் கூண்டுக்குள் தொலைபேசி அடித்தது.

“முகத்துவாரக் கரையில் ஒரு தொலைபேசிக் கூண்டில் நிற்கிறேன். கடல் கண்ணாடிபோல இருக்கிறதே!”

“வற்று எத்தனை மணிக்கு?”

“இன்னும் ஒரு மணித்தியாலத்தில்.”

“பொறுங்கள். பிறகு எடுங்கள்.”

அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேருக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தார். மறுபடி அடித்தபோது ஹெலன் கத்தவேண்டியிருந்தது. “எழும்புகிறது! வாய் முழுக்க! நீங்கள் சொன்னது சரி!”

அவர் குரலுக்குப் பின்னால் அந்த அலையின் இரைச்சல் கேட்டது. அம்பலவாணன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். நாலாம் பம்பில் நின்றவன் கண்ணாடியில் தட்டினான். அவர் கண் திறக்கவில்லை. அவன் இன்னொரு முறை, பலமாகத் தட்டினான்.