மேடைக்குப் பின்னே ஓர் ஈர்க்குச்சி

ஜோக்ஜா நகரின் கெம்பாங் சோரே கலை முற்றத்தில் விழா தொடங்கும் நாள்முதல் கடைசி விளக்கு அணையும்வரை, வானத்திலிருந்து விழும் நீரின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்படியொரு விதியை எவரும் வகுத்ததில்லை. புதிதாக வரும் தன்னார்வலர்களிடம் எடுத்துரைத்ததுமில்லை. மேகம் கூடினால் தலையை உயர்த்திப் பார்ப்பார்கள்; பிறகு, பார்த்ததற்கே வெட்கப்படுகிறவர்களைப் போலக் குனிந்து வேலையைத் தொடர்வார்கள். குடை கொண்டுவருவது அந்தச் சொல்லைச் சொல்வதற்குச் சமம். படுதா கொண்டுவருவது அதனினும் பெரிய பிழை. மேடைக்குப் பின்னால், காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் கோத்த ஈர்க்குச்சி ஒன்றை ஏதேனும் ஒரு வீட்டின் கடைக்குட்டிப் பெண் தரையில் நட்டுவைப்பாள். அதைக் கண்டு வானம் ஒதுங்கிப் போய்விடும். மற்றதெல்லாம் மௌனத்தின் பொறுப்பு.

சென்ற ஆண்டு முர்த்தினி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். வொனொசாரியில் இருக்கும் மாமியாரிடம் தொலைபேசியில், துணியெல்லாம் காய்ந்ததா என்று விசாரிக்கப் போன இடத்தில் வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அன்று மாலையே வானம் பொத்துக்கொண்டது. நனைந்த மின்கம்பியை மிதித்த, ஊரார் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் மத்தளக்காரர் ஜுமாடியை மின்சாரம் தூக்கியெறிந்தது. அவர் பிழைத்ததே பெரிது. முர்த்தினியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில், ஆண்டாண்டாக அவள் பார்த்துவந்த மேடைப் பொறுப்பு வேறொருத்தியிடம் இருந்தது.

"நீங்க வாசல்ல செருப்பைப் பாத்துக்கங்க முர்த்தினி. அங்க நல்ல நிழல்" என்றார் விழாப் பொறுப்பாளர் பாக் விர்யோ, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பை ஓராண்டாக அவள் மனத்துக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் போனபின், தையற்கடையில் ஊசியோடு கழியும் நாட்களுக்கு நடுவே, மனிதர்கள் தன் பெயரைச் சொல்லித் தேடும் ஒரே இடம் அந்த மேடைதான். இந்த ஆண்டு அந்த மற்றொருத்திக்குப் பிள்ளைப்பேறு என்பதால் மேடை மறுபடி இவள் கைக்கு வந்தது. இம்முறையும் நனைந்தால் அடுத்த ஆண்டு அவளை வர வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். கூப்பிட மறந்துபோவார்கள். ஜோக்ஜாக்காரர்களின் மறதி எத்தகையது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவே, விழாவின் கடைசி நாள் நண்பகலில் மேடைக்குப் பின்னால் போனவள், ஈர்க்குச்சி நின்ற இடத்தில் வெறும் துளையை மட்டும் கண்டபோது, கூச்சலிடவில்லை. செருப்புக் காலால் மண்ணைத் தள்ளித் துளையை மூடினாள். மூடிய பிறகுதான், பார்ப்பவர் கண்ணுக்குத் தானே அதைப் பிடுங்கியவள்போலத் தெரியும் என்பது உறைத்தது. சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை. யாருமில்லை என்பதும் நம்பும்படியாக இல்லை.

சந்தேகம் நேரே டாமாரிடம் போய் நின்றது. சுரபாயாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியன். விழா வேலைக்கு இது அவனுக்கு முதல் முறை. இரண்டு நாட்களாகச் சாக்குப்பையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கைப்பேசியை அடிக்கடி பார்க்கிறான். பார்த்துவிட்டு வடக்கே மெராபி மலைப் பக்கம் நிமிர்கிறான். காலையில் இதே இடத்தில் அவன் குந்தியிருந்ததை அவளே கண்டாள்.

சாப்பாட்டு வேளையில் அவள் மேடையைவிட்டு நகரவில்லை. சமையல் பொறுப்பிலிருந்த யாத்மி, காகிதத்தில் மடித்த சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னடி இது, மேடைக்குக் காலு முளைச்சு ஓடிப்போயிடுமா? கோழி முட்டையைக் காக்கிற மாதிரி உக்காந்திருக்கே."

"இங்கயே இருந்தா நல்லதுன்னு தோணுச்சு அக்கா."

"இரு, இரு. போன வருசம் செருப்பைக் காத்த பழக்கம் போகலை போல" என்றவள், கிளம்பும்போது வானத்தைப் பார்த்தாள், பிறகு முர்த்தினியின் வாயைப் பார்த்தாள். முர்த்தினி சோற்றை மறுபடி மடித்து ஓரமாக வைத்தாள்.

பிற்பகலில் டாமார் மேடைப் பலகைகளுக்கு அடியே நுழைவதை அவள் கண்டாள். அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே குனிந்து நுழைந்தாள். முகமூடிகள் என்று எழுதியிருந்த சாக்கின் வாயை அவன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். உள்ளே முகமூடி ஒன்றுகூட இல்லை. நீல நிறப் படுதாக்கள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

கோபம் ஏற ஏற அவளுடைய பேச்சில் மரியாதையும் ஏறியது. "தம்பி, மன்னிச்சுக்கங்க. தொந்தரவு பண்றேன். குச்சியை எங்க வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

டாமார் திடுக்கிட்டு நிமிர்ந்து பலகையில் தலையை இடித்துக்கொண்டான். "எந்தக் குச்சி அக்கா?"

"மிளகா குச்சிங்க."

"அதையெல்லாம் நான் தொடுவேனா? நான் காலையில வந்தது கம்பியைப் பாக்க. எல்லா இணைப்பும் தரையோட கிடக்குது. அதான் இதை..." படுதாவைத் தட்டினான். "யார்கிட்ட கேட்டாலும் பேச்சை மாத்துறாங்க. பாக் விர்யோ டீ குடிச்சியான்னு கேக்குறாரு. சரி, நாமளே கொண்டுவந்துருவோம், சத்தம் போடாமன்னு..."

"இதைக் கொண்டுவர்றதும் அதைக் கூப்பிடுறதும் ஒண்ணுதாங்க."

"போன வருசம் ஒருத்தருக்கு ஷாக் அடிச்சுதாமே அக்கா. அதைக் கூப்பிட்டதால அடிச்சுதா, இல்ல மூடாததால அடிச்சுதா?"

கேள்வி அவளைத் தைத்தது. ஆனால் நம்பிக்கை பிறக்கவில்லை. போன வருடத்துக் கதையை இவனிடம் சொன்னவர்கள், அதில் தன் பெயரையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பார்கள்? படுதா வைத்திருப்பவன், அது தேவைப்படும்படி குச்சியைப் பிடுங்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? "சாக்கைக் கட்டிடுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே, ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பாக் விர்யோ புளித்த சோயாவில் செய்து வறுத்த டெம்பே தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் கடைசித் துண்டு முடிந்தது. ஏப்பம் விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பல்லிடுக்கைக் குத்தத் தொடங்கினார். அது ஓர் ஈர்க்குச்சி. அதன் மறுநுனியில் பாதி சின்ன வெங்காயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முர்த்தினி பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து, அவரும் தம் கையைப் பார்த்தார்.

"இது..." பாக் விர்யோவின் முகம் வெளிறியது. "அய்யய்யோ. அதுவா இது?"

"அதுதான் பாக்."

"காலையிலயும் யாத்மி டெம்பேயைக் குடுத்தா, மிளகாயைக் குடுக்கலை. மிளகா கடிக்காம டெம்பே எப்படி இறங்கும்? கையை நீட்டுனேன், கைக்கு அகப்பட்டுச்சு. யாரோ மறந்து வச்சுட்டாங்கன்னு..."

"அத்தனை மிளகாயும் தின்னுட்டீங்களா?"

"நல்ல காரம்" என்றார் அவர் பரிதாபமாக. உடனே குரலைத் தாழ்த்தினார். "முர்த்தினி, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, எங்கயோ விழுந்திருக்கும்னு சொல்லிடுங்க. மேடை உங்க பொறுப்புதானே." சிரித்தார். அதே சிரிப்பு.

ஓராண்டாகப் பொருள் தேடிய அந்தச் சிரிப்பை அவள் அப்போது ஒருவழியாகப் படித்து முடித்தாள். அதில் பகை இல்லை. பழி எங்கேயாவது இறங்கியாக வேண்டும். தன் தலையில் இறங்காதவரை சரி என்ற நிம்மதி மட்டுமே இருந்தது. டாமாரைப் பற்றி நாளெல்லாம் தான் நினைத்ததும் அதே நிம்மதியைத் தேடித்தான் என்பது தோன்றியபோது, அவளுக்குத் தன் மீதே அருவருப்பு வந்தது.

அதற்குள் நடனம் தொடங்கிவிட்டது. அக்கம்பக்கத்துச் சிறுமிகள் பட்டு இடைக்கச்சையும் வெறுங்காலுமாக மேடையில் வரிசையாக மிதித்துச் சுழன்றார்கள். அவர்கள் பாதங்களிலிருந்து ஒரு முழத்தில், விளக்குகளுக்கான கம்பிகள் கிடந்தன. வடக்கே மெராபி இருந்த இடத்தில் மலை இல்லை. சாம்பல் நிறச் சுவரொன்று எழுந்து நின்றது. தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஈர மண்ணின் வாசம் அடித்தது.

முற்றம் முழுவதும் அதை முகர்ந்தது. யாத்மி அப்பளக் கூடையை இழுத்து உள்ளே வைத்தாள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பாக் ஜுமாடி மத்தளத் தோலில் விழுந்த ஒரு துளியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, தாளத்தை விடாமல் வாசித்தார். அவர் பார்வை மட்டும் கம்பிகளின் மேல் இருந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். எல்லோரும் கீழே பார்த்தார்கள். தாய்மார்கள்கூடக் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மேடையின் அடியிலிருந்து டாமாரின் தலை தெரிந்தது. கையில் படுதாவின் கயிறு. ஒற்றை ஆளாக அதை விரிக்க முடியாது. ஆட்களைக் கூப்பிட வேண்டுமானால், எதற்கென்று சொல்லியாக வேண்டும். அவன் முர்த்தினியையே பார்த்தான்.

பக்கத்தில் நின்ற பாக் விர்யோ அவள் முழங்கையைப் பிடித்தார். "வேண்டாம் முர்த்தினி. ஒதுங்கிப் போனாலும் போகும்."

"நீங்க தின்னதுக்கு அது ஒதுங்காது பாக்" என்று கையை மென்மையாக விடுவித்துக்கொண்டாள். படியேறும்போது, அடுத்த ஆண்டு இந்த நாளில் தையற்கடையில் இருப்போம் என்று ஒரு கணம் எண்ணினாள். எண்ணம் கால்களை நிறுத்தவில்லை. அறிவிப்பாளர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, சிறுமிகளுக்கு முன்னால் போய் நின்றாள். மத்தளம் நின்றது. முற்றமே அவள் வாயைப் பார்த்தது.

"மழை வருது" என்றாள் முர்த்தினி. ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோனது. "எல்லாருக்கும் தெரியும், மழை வருது. பிள்ளைங்களைக் கீழ இறக்குங்க. கம்பியை யாரும் மிதிக்காதீங்க. பாக் ஜுமாடி, நீங்க முதல்ல எந்திரிங்க. டாமார் தம்பி, படுதாவைக் கொண்டாங்க. நாலு பேர் வாங்க, பிடிக்கணும். மழை."