சங்கிலி பிடிக்க ஆளில்லை

தாய்லாந்திலேயே கல்யாணத்தை முழுமனதோடு வெறுக்கும் ஒரே மனிதர் தான்தான் என்பதில் பைத்தூனுக்குச் சந்தேகமே இல்லை. ஆணும் ஆணும் மணக்கும் உரிமைக்காகப் பாதி ஆயுள் கொடி பிடித்தவரும் அவரேதான்.

"சட்டம் கேட்டேன்பா, சடங்கு கேக்கல. பொண்ணு வீட்டார் வாசல்ல சங்கிலியைப் பிடிச்சு மாப்பிள்ளையை மறிச்சுக் காசு கேக்குறது வழிப்பறி" என்பார்.

சட்டம் வந்தது. அவருடைய சங்கத்தைச் சேர்ந்த நோப்பும் கிளாவும் லாம்பாங்கில் மணக்க நாள் குறித்தார்கள். இருவருமே மாப்பிள்ளை என்பதால், இரண்டு வீட்டாரும் வாழைக்கன்று, சீர்த்தட்டு, மேளத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பி, நோப் வீட்டுத் தெருமுனையில் முட்டிக்கொண்டார்கள். வாசலை மறிக்க யாரும் வீட்டில் இல்லை.

மேளம் நின்றது. மகனோடு வருடக்கணக்கில் பேசாமலிருந்து, இன்றுதான் முன்வரிசையில் ஆடிவந்த கிளாவின் அப்பா முகம் சுளித்தார்.

"மறிக்க ஆளில்லாத வீட்டுக்கு எம் பையன் போறதா? விளையாட்டுக் கல்யாணமா இது? திரும்புங்கடா!"

"அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்க" என்றான் கிளா, கலங்கிய கண்களோடு.

"பேசிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, உரை மட்டும் வேணாம்ணே!"

பைத்தூன் ஊர்வலத்துக்குள் புகுந்தார். நோப்பின் அத்தையை வாசலுக்கு அழைத்துப்போய், தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஒரு முனையை அவளிடம் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு கிளாவின் அப்பாவிடம் கையை நீட்டினார்.

"ஆடிட்டு, காசையும் வச்சிட்டு உள்ள போங்க, பெரியவரே."