எதிர்க்கடை பெஞ்சு

ரிஷிவந்தியம் போகும் சாயங்கால பஸ் ஹாரனடித்தது. ஜெயசுதா ஏறவில்லை.

"இன்னாக்கா, வூட்டுக்கு வரலியா?" ஜன்னலோரத்திலிருந்து தலையை நீட்டினாள் வேதியியல் துறை அமலோற்பவம்.

"டீ குடிச்சிட்டு வரேன்."

"எங்க?"

ஜெயசுதா சாலைக்கு எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினாள். அமலோற்பவத்துக்குப் பேயறைந்தது போலாயிற்று.

அவர்கள் இருவரும் பாடம் நடத்தும் கல்லூரியில் எந்த முடிவும் கூட்ட அறையில் எடுக்கப்படுவதில்லை. எடுப்பது எதிர் டீக்கடையின் நீள பெஞ்சில். பெண் பேராசிரியர்கள் பஸ் பிடிக்க ஓடியதும் ஆண்கள் கையும் பஜ்ஜியுமாக அங்கே கூடுவார்கள். மறுநாள் கூட்டத்தில் 'ஏகமனதாக' என்றொரு வார்த்தை வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். போன இரண்டு முறையும் முதல்வர் நாற்காலி அப்படித்தான் ஜெயசுதாவைத் தாண்டிப் போனது. அவளும் கை தட்டினாள். இப்போதைய முதல்வர் ஓய்வு பெறுகிறார். நாளைக்கு மறுபடி கூட்டம். இருப்பவர்களில் அவள்தான் சீனியர்.

சாலையைக் கடந்தாள். பெஞ்சில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"பார்சலாம்மா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்ல. இங்கதான்."

வணிகவியல் தமிழ்வேந்தன் பஜ்ஜியை அவசரமாக விழுங்கினார். "உக்காருங்க மேடம்!"

யாரும் அசையவில்லை.

"நகந்தாதான சார் உக்கார முடியும்?"

நகர்ந்தார்கள். உட்கார்ந்தாள்.

"நாளைக்கு யார் பேரு?"

தமிழ்வேந்தன் தொண்டையைச் செருமினார். "உங்க நல்லதுக்குத்தாங்க மேடம். ஹாஸ்டல் பஞ்சாயத்து, மலை ஊருங்களுக்கு அலைச்சல்... பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"ஹாஸ்டல் வார்டனா இத்தினி வருஷம் மாரடிச்சது யாரு சார்? வெள்ளிமலைக்கு ஜீப்புல போயி, வூடு வூடா நின்னு புள்ளைங்கள சேத்தது யாரு? அப்பல்லாம் என் தலை இன்னா, கல்லா?"

மூலையில் இளம் பேராசிரியர் கவியரசன் களுக்கென்று சிரித்துவிட்டு டீயில் முகத்தைப் புதைத்தான்.

"கோச்சிக்கினா எப்டி மேடம்? எல்லாரும் பேசி முடிச்சாச்சி" என்றார் தமிழ்வேந்தன்.

"எல்லாரும்னா?" கிளாஸை வாங்கினாள். விரல் சுட்டது, கீழே வைக்கவில்லை. "நான் இப்பதான வந்திருக்கேன். மொதல்லேர்ந்து பேசுங்க."

"உங்க பஸ்ஸு கெளம்புதுங்க."

திரும்பிப் பார்த்தாள். பஸ் புழுதி கிளப்பி நகர்ந்தது. அது நின்ற இடத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி அமலோற்பவம் நின்றிருந்தாள். கரும்பு லாரி ஒன்றைப் போகவிட்டு, சாலையில் காலை வைத்தாள்.

ஜெயசுதா பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். மறுகோடியில் யாரோ எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.