கடைசி ஒன்று வரும்வரை

அந்த ஆய்வுக்கூடத்தில் எண்ணுவதுதான் வேலை. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ண வேண்டும். நாற்பத்தாறு இருந்தால் சரி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் அழுகை. இருபது வருடமாக அதையே எண்ணிய மூத்த டெக்னீஷியனுக்கு 'நாற்பத்தாறு' என்றே பெயர் விழுந்துவிட்டது. மாடிப்படி ஏறினாலும் அவர் உதடு அசையும்.

"அண்ணே, படி எத்தனை?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் யாராவது சீண்டுவார்கள்.

"போம்மா, போய் வேலையப் பாரு" என்பார். இருபத்திரண்டு என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அவருக்குக் கீழே ஸ்லைடு போடுபவள் சின்னவள். வீட்டில் அக்கா வைத்த பெயர். வேலை இடத்திலும் ஒட்டிக்கொண்டது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் திரண்டு கண்ணுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து, செல்கள் வளரும் குப்பியில் ஒரு மருந்தை விட்டால், பிரியப் போன செல்கள் பாதியில் அப்படியே நின்றுவிடும். பிறகு நிதானமாக எண்ணலாம். ஆறு வருடமாகச் சின்னவள் பார்த்ததெல்லாம் நின்றுபோன செல்கள்தான். நடுவழியில் நிற்கும் பேருந்துகளையே பார்த்தவளுக்குப் பேருந்து ஓடும் என்பதே மறந்துபோகும் அல்லவா, அப்படி.

இந்த முறை சோதனைக்கு வந்த திசு அவளுடைய அக்காவினது. மூன்றாம் மாதத்தில் கலைந்த கரு. இது இரண்டாவது தடவை. வழக்கம்போல அதன் செல்களை இரண்டு குப்பிகளில் வளர்த்தார்கள், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று.

வீட்டில் அக்கா கட்டில் விளிம்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவள் செக்கர். அவள் கண்ணில் படாமல் ஒரு நூல்பிசிறுகூட வெளியே போகாது. அந்த வேலைக்கும் இனிப் போவதில்லை என்றாள்.

"நான்தாண்டி கொன்னேன். அன்னிக்குப் பீரோவைத் தள்ளினேன்ல."

"லூசு மாதிரி பேசாதக்கா."

"ஒரு உயிரைப் பாத்துக்கத் துப்பில்லாதவ, அங்க போய் எதைச் சரிபார்க்கப் போறேன்? வேலையும் வேணாம், இனி குழந்தையும் வேணாம். விட்டுடு."

மருந்து விட வேண்டிய நாளில் சின்னவள் குப்பியின் மேல் எழுதியிருந்த அக்காவின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முதல் குப்பியில் விட்டாள். முடிவு அதிலேயே கிடைத்துவிட்டது: நாற்பத்தேழு. பதினாறாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. நாற்பத்தாறு மறுபடி எண்ணினார். பிறகும் ஒரு முறை எண்ணினார். கடைசியில் இரண்டாவது குப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல மருந்து விட்டியா?"

"மறந்துட்டேண்ணே."

திட்டுவார் என்று நின்றாள். அவர் குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து, "நாளைக்கு உங்க அக்காவைக் கூட்டிட்டு வா" என்றார். "இது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."

மறுநாள் காலை அக்கா வந்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். மைக்ரோஸ்கோப்போடு இணைத்த திரையில் சாம்பல் நிற வட்டம் ஒன்று தெரிந்தது. அதற்குள் கறுப்புத் துணுக்குகள் நெளிந்துகொண்டிருந்தன.

"இது…"

"உன்னோடதுதான்க்கா. அந்தக் கருவோட செல்லு. உயிரோட இருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

துணுக்குகள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன. யாரோ வரிசையில் நிற்கச் சொன்னதுபோல் ஒரு கோடாக நின்றன. ஒன்று மட்டும் ஓரத்தில் தங்கிவிட்டது.

"ஒவ்வொண்ணும் தன் நகலோட ரெட்டையா இருக்கு. ரெண்டு பக்கத்துலேருந்தும் கயிறு மாதிரி இழை வந்து பிடிக்கணும்" என்றார் நாற்பத்தாறு. "அப்பதான் ஆளுக்கு ஒண்ணாப் பிரியும். அந்த ஓரத்துல இருக்கறதுக்கு ஒரு பக்கம்தான் பிடிச்சிருக்கு."

"மத்ததெல்லாம்?" என்றாள் அக்கா.

"காத்திருக்கும்."

காத்திருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். செல் முழுவதும் இழுத்துப் பிடித்த மூச்சுபோல் நடுங்கியபடி நின்றது. அந்த ஒன்று நகர்ந்தது, திரும்பி ஓடியது, மறுபடி நகர்ந்தது.

"ஐயோ, வந்து தொலையேன்" என்றாள் அக்கா தன்னையறியாமல். சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வந்தது. கோட்டில் சேர்ந்தது. அப்போதும் செல் அவசரப்படவில்லை. பிறகு, யாரும் சைகை காட்டாமலே, கோடு முழுவதும் ஒரே கணத்தில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் விலகியது. ஒரு துணுக்குகூடப் பின்தங்கவில்லை.

ஆறு வருடம் தான் நிறுத்தி வைத்தது இதைத்தானா என்று சின்னவள் உறைந்து நின்றாள்.

"நேத்து இவ சொன்னாளே, அந்தக் கூடுதல் ஒண்ணு?" என்றாள் அக்கா.

"அதுக்கும் சேத்துத்தான்மா காத்திருந்தது. இது வேண்டாததுன்னு செல்லுக்குத் தெரியாது. அந்தப் பக்கமும் நாப்பத்தேழு, இந்தப் பக்கமும் நாப்பத்தேழு."

"இவ்வளவு கவனமா இருக்கறது எப்படித் தப்பு விட்டுச்சு? நான் பீரோ…"

"சின்னவ சொன்னா. பீரோ தள்ளறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன விஷயம்மா. கருமுட்டையிலயே நடந்தது. நீங்க உங்க அம்மா வயித்துல இருக்கும்போதே அந்த முட்டைக்குள்ள எல்லாம் ஜோடி ஜோடியாக் கை கோத்து நின்னாச்சு. முப்பத்தஞ்சு வருஷமா அப்படியே நிக்குது. ஒரு ஜோடிக்குக் கை நழுவிடுச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் நழுவுதுன்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க. மத்ததெல்லாம் எப்படி நழுவாம நிக்குதுன்னுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது."

அக்கா திரையையே பார்த்தாள். "எங்க லைன்ல ஒரு பட்டன் குறைஞ்சாலும் பெட்டியை நிறுத்திடுவேன். எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. ஆனா இது மாதிரி ஒரு செக்கரை நான் பாத்ததில்லடி."

"இன்னொண்ணு ஆரம்பிக்குது" என்றார் நாற்பத்தாறு.

அக்கா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை நுனியில் இல்லை. கோடு சேரத் தொடங்கியபோது, கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"எங்க கம்பெனிக்கு ரெண்டாவது ஷிஃப்ட் பஸ் எத்தனை மணிக்குடி?"